அவகாசத்தோடு அனுப்புங்கள்

எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தாலுகா மருத்துவமனைக்கோ, சொந்த கிளினிக்குக்கோ போகிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சிறுநீரக மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோய் முற்றியவர்களைவிட, முற்றுவதற்கு முன்பே வந்திருக்கக்கூடியவர்கள்தான் என்னை அதிகம் வருத்தினார்கள். நள்ளிரவில், மூச்சிரைக்க, முகம் வீங்கி, கிரியாட்டினின் பன்னிரண்டோடு வருவார்கள். கழுத்தில் குழாய் போட்டு அவசரமாக டயாலிசிஸ் தொடங்குவோம். விடிந்த பிறகு மனைவியோ மகனோ பையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து நீட்டுவார்கள். நான்கு வருஷத்துக்கு முந்தைய லேப் ரிப்போர்ட் ஒன்றில் 1.8 என்று இருக்கும். பக்கத்தில் யாரோ ஒரு மருத்துவர் டிக் போட்டிருப்பார்.

அந்த நான்கு வருஷத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எண் போட்டது நீங்கள் தேடி எடுக்க வசதியாக. முதலில் இருப்பது முக்கியம், கடைசியில் இருப்பது சில்லறை என்று அர்த்தமில்லை.

1. கிரியாட்டினின் எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்.

சீட்டில் 1.4 என்று இருக்கிறது. பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை இயல்பு என்று அச்சடித்திருக்கிறார்கள். "கொஞ்சம்தான் கூட, தண்ணி நல்லா குடிங்க" என்று சொல்லி அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த 1.4 யாருடையது என்று கேளுங்கள். இருபத்தைந்து வயதுப் பையனுடையது என்றால், 2021இல் திருத்தப்பட்ட சி.கே.டி.-எபி சூத்திரப்படி அவனுடைய ஜி.எஃப்.ஆர். ஏறக்குறைய 71. அறுபத்தைந்து வயது அம்மாவுடையது என்றால் 42. பையனுக்குச் சிறுநீரையும் பார்த்துவிட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். அந்த அம்மாவோ மூன்றாம் நிலை நோயின் பின்பாதியில் இருக்கிறார்; அவருக்கே அது தெரியாது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமாக இருக்கும் பாட்டிக்கு அது குறைவாகவே ஊறும்; சிறுநீரகம் பாதி போன பிறகும் எண் யோக்கியமாகவே இருக்கும். கால் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிக்கும் இதே கதை. ஜிம்முக்குப் போகும் பையனுக்கு நேர்மாறாக, நோயே இல்லாமல் எண் ஏறியிருக்கும். ஜி.எஃப்.ஆர். கணக்குப் போடும் செயலி செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது. அரை நிமிஷ வேலை. கணக்குப் போட்டதை நோயாளியின் நோட்டில் எழுதுங்கள், உங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. சர்க்கரை, பி.பி. உள்ள ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு முறையாவது நீரில் புரதம் பாருங்கள்.

ரத்தம் காட்டிக்கொடுப்பதற்குப் பல வருஷம் முன்பே நீர் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதைச் சென்னையில் டாக்டர் எம்.கே. மணி செய்தே காட்டினார். அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பியது. அவர்கள் பி.பி. பார்த்தார்கள். நீரில் புரதத்துக்கு சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல்: நாம் கல்லூரி முதல் வருஷத்தில் பார்த்து மறந்துபோன அதே சோதனைகள். மருந்தும் ரெசர்பின், தயசைடு, ஹைட்ரலசின், மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு போன்ற மலிவான பழைய மருந்துகள்தாம். தலைக்கு ஆண்டுக்கு அரை டாலர்கூட ஆகவில்லை என்று சர்வதேசச் சிறுநீரக இதழில் எழுதினார். ரெசர்பின் எழுதுவதைக் கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் அந்தக் கிராமங்களுக்கு வேறெதையும் கொண்டுபோகவில்லை.

2023 முதல் தமிழக அரசே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பரிசோதனைக்கென்று திட்டம் நடத்துகிறது. உங்கள் நிலையத்தில் ஸ்ட்ரிப் டப்பா இருக்கும். திறந்த டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரக்காற்றில் பாழாகும் என்பதை லேப் டெக்னீஷியனிடம் சொல்லிவையுங்கள்.

ஸ்ட்ரிப்பில் நிறம் மாறினால், முடிந்த இடத்தில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். காலை முதல் நீர் நல்லது. 30க்குக் கீழே பயமில்லை. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300க்கு மேலே போனால் நான்காவது அறிவுரைக்குப் போங்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்களில் எடுத்த நீரை நம்பாதீர்கள்.

3. ஒரு ரிப்போர்ட் போதாது, கோடு வேண்டும்.

மூன்று மாதம் நீடித்தால்தான் அது நாட்பட்ட நோய். வயிற்றுப்போக்கோடு வந்தவருக்கு இன்று 2 இருக்கும், பத்து நாளில் 1 ஆகும். அதனால் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கிழிந்ததோ எண்ணெய் பட்டதோ, எதுவானாலும் சரி. தேதியையும் ஜி.எஃப்.ஆரையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். 45இல் ஐந்து வருஷம் நிற்பவர் ஒரு நோயாளி. இரண்டு வருஷத்தில் 70இலிருந்து 45க்கு வந்தவர் வேறு நோயாளி. இருவருக்கும் இன்றைய ரிப்போர்ட் ஒன்றுதான்.

ஸ்கேன் இயல்பு என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சர்க்கரையால் கெட்ட சிறுநீரகம் கடைசி வரை அளவு குறையாமலே இருக்கலாம்.

4. யாரை அனுப்புவது, யாரை அனுப்பாமல் இருப்பது.

ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போன எவரையும் அனுப்புங்கள். அதற்கு மேலே இருந்தாலும் அல்புமின் விகிதம் 300ஐத் தாண்டியவர், வருஷத்துக்கு 5க்கு மேல் தொடர்ந்து இறங்குபவர், நான்கு மருந்து கொடுத்தும் பி.பி. அடங்காதவர், பொட்டாசியம் திரும்பத் திரும்பத் தாறுமாறாக இருப்பவர், புரதத்தோடு ரத்தமும் போகிறவர், அடிக்கடி கல் வருகிறவர், குடும்பத்தில் நீர்க்கட்டிச் சிறுநீரகம் உள்ளவர், குழந்தைகள், கர்ப்பிணிகள், எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள்.

வயது, பாலினம், ஜி.எஃப்.ஆர்., அல்புமின் விகிதம் ஆகிய நான்கையும் போட்டால், ஐந்து வருஷத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணக்கு ஒன்று 2011இல் வந்தது. கனடாவில் டாங்ரி குழுவினர் உருவாக்கியது. அது 3 முதல் 5 சதவீதத்தைத் தொட்டாலே நிபுணர் பார்க்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். 5 சதவீதம் என்றதும் குறைவுதானே என்று தோன்றும். நல்லது செய்ய நேரம் இருக்கும்போது எண் குறைவாகத்தான் இருக்கும்.

அதே சமயம், மூன்று வருஷமாக 52இல் அசையாமல் நிற்கிற, நீரில் புரதம் இல்லாத எழுபத்தைந்து வயதுப் பெரியவரை ஐம்பது மைல் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். நூற்று நாற்பது கோடிப் பேருக்குச் சில ஆயிரம் சிறுநீரக நிபுணர்களே இருக்கிறார்கள். அவர் உங்கள் நோயாளி. பி.பி. பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை ரத்தமும் நீரும் பாருங்கள், வலி மாத்திரை கொடுக்காதீர்கள், போதும்.

5. சிலரை அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

போன மாதம் இயல்பாக இருந்த கிரியாட்டினின் இன்று 3. நீர் தேநீர் நிறத்தில், நுரையோடு போகிறது. முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. மூட்டு வலியோ தோலில் சிவப்புப் புள்ளியோ, சளியில் ரத்தமோ கூட இருக்கிறது. இது மூன்று மாதம் காத்திருந்து பார்க்கும் நோயல்ல. லூபஸ் போன்ற நோய்களில் சில நாட்களுக்குள் பயாப்சி செய்து மருந்து தொடங்கினால் காப்பாற்றக்கூடிய சிறுநீரகம், சில வாரம் தாமதித்தால் தழும்பாகிவிடும். "அடுத்த வாரம் வாங்க" என்ற சொல் இவர்களிடம் கூடாது. போன் செய்து, பெயர் சொல்லி, வண்டி ஏற்றி அனுப்புங்கள்.

6. "கிட்னி டாக்டர்கிட்ட போனா டயாலிசிஸ்ல போட்டுடுவாங்க."

இதைச் சொல்லாத குடும்பம் இல்லை. மேலத்தெரு மாமா அங்கே போனார், அன்றைக்கே மெஷினில் போட்டார்கள், மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தார் என்று சாட்சியும் வைத்திருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாமா அங்கே போனதால் டயாலிசிஸ் வரவில்லை. டயாலிசிஸ் வரும்வரை போகாமல் இருந்தார். இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்க உங்களால் முடிந்தால் பாதி வேலை முடிந்தது. விளக்காமல் "கிட்னி ஸ்பெஷலிஸ்டைப் பாருங்க" என்று சீட்டு மட்டும் எழுதினால், அந்தச் சீட்டு வீட்டு அலமாரியில் கிடக்கும். நோயாளி நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்.

சீக்கிரம் அனுப்புவது வேறு, சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்குவது வேறு. இளம் மருத்துவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஐடியல் என்ற ஆய்வில், ஜி.எஃப்.ஆர். 10 முதல் 14க்குள் இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்க ஒரு குழு, 5 முதல் 7 வரை இறங்கும்வரை காத்திருக்க இன்னொரு குழு என்று பிரித்தார்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. தொந்தரவு இல்லாதவரை மெஷினைத் தள்ளிப்போடலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆனால் அப்படித் தைரியமாகத் தள்ளிப்போட வேண்டுமென்றால், பக்கத்தில் இருந்து ரத்தத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். முன்பே வந்த நோயாளியிடம்தான் அந்தத் தைரியம் எங்களுக்கு வரும்.

சீக்கிரம் அனுப்பப்பட்டவர்களில் இறப்பு குறைவு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள் குறைவு, டயாலிசிஸ் தொடங்கும்போது கையில் ஃபிஸ்டுலா தயாராக இருப்பது அதிகம் என்று 2014இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்த ஆய்வுகள் அல்ல அவை. வசதியும் விவரமும் உள்ளவர்கள் முன்பே போயிருப்பார்கள், அதனாலும் பிழைத்திருப்பார்கள் என்று வாதிடலாம். வாதம் நியாயமே. எனினும், சோதித்துப் பார்ப்பதற்காக யாரையும் தாமதமாக அனுப்பும் துணிச்சல் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

நோயாளியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, உங்க கிட்னி நாப்பது சதவீதம் வேலை செய்யுது. இப்ப உங்களுக்கு மெஷின் தேவையில்லை. அது தேவைப்படாம எத்தனை வருஷம் தள்ள முடியும்னு கேட்டுட்டு வரத்தான் அனுப்புறேன். மருந்து இங்கேயே நான் தர்றேன். கிட்னி டாக்டரை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும்." கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கைகழுவவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

7. அனுப்பும்வரை சும்மா இருக்காதீர்கள்.

நிபுணரின் தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் பெரும்பாலான வேலையை நீங்களே தொடங்கிவிடலாம். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் கேப்டோபிரில் காக்கிறது என்று 1993இலேயே தெரிந்துவிட்டது. லோசார்டானுக்கும் இர்பெசார்டானுக்கும் 2001இல் சான்று வந்தது. புரதம் போகிறவருக்கு இந்த இரு வகையில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்கும் கர்ப்பத்துக்குக் காத்திருப்பவருக்கும் வேண்டாம்.

தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 இருந்தது 1.8 ஆனதும் பதறிப்போய் மருந்தை நிறுத்துபவர்கள்தான் அதிகம். நிறுத்தியவுடன் எண் இறங்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் திருப்தி, சிறுநீரகம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

அடுத்து, இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்: எஸ்.ஜி.எல்.டி.-2 மருந்துகள். கனாகிளிஃப்ளோசின் 2019இல், டாபாகிளிஃப்ளோசின் 2020இல், எம்பாகிளிஃப்ளோசின் 2023இல் என்று மூன்று பெரிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லின. பின்னிரண்டில் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஜி.எஃப்.ஆர். 20 வரை தொடங்கலாம். காப்புரிமை முடிந்தபின் விலையும் இறங்கிவிட்டது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பேரை மெஷினுக்கு அனுப்பாமல் வைத்திருப்போம் என்று நினைக்காத நாளில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்று பெண்களிடம் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். வாந்தி, பேதி, பட்டினி, ஆபரேஷன் சமயங்களில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

8. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று திட்டாமல் கேளுங்கள்.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக், உடம்பு வலிக்குப் போடும் ஊசி, சர்க்கரைக்கு யாரோ தந்த பொடி, எல்லாம் ஒரு கேள்விக்கு வெளியே வரும். ஆனால் கேட்கும் குரலில் மிரட்டல் இருந்தால் ஒன்றும் வராது. 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, மெம்பிரேனஸ் என்ற சிறுநீரக நோயின் ஒரு வகை, பாரம்பரிய மருந்துகள் சாப்பிட்டவர்களிடம் அதிகம் இருந்ததைக் காட்டியது. பாதரசம்தான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதம் போவது குறைந்தது. சித்த மருத்துவத்தையே பழிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். நோயாளி எதைச் சாப்பிடுகிறார், அதில் என்ன உலோகம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முகம் வெளுக்கப் பூசும் க்ரீமையும் சேர்த்துக் கேளுங்கள், அதிலும் பாதரசம் இருப்பதுண்டு.

9. சர்க்கரை தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்.

பதினைந்து வருஷ சர்க்கரைக்காரர் ஒருவர் வந்து, "டாக்டர், பாதி மாத்திரையிலேயே கட்டுப்பாட்டுக்கு வந்துடுச்சு, ரெண்டு தடவை லோ சுகர்கூட ஆயிடுச்சு" என்பார். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், மாத்திரையும் வெளியேறாது. அன்றைக்கே கிரியாட்டினின் பாருங்கள். ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்துங்கள், கிளிபென்கிளமைடை எழுதவே எழுதாதீர்கள்.

வாந்திக்கு எண்டோஸ்கோப்பி, மூச்சிரைப்புக்கு எக்கோ, அரிப்புக்குத் தோல் மருத்துவர், ரத்தசோகைக்கு இரும்பு ஊசி என்று ஆறு மாதம் அலைந்து கடைசியில் எங்களிடம் வருபவர்களும் உண்டு. நூறு ரூபாய்க் கிரியாட்டினின் சோதனையை எவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

10. எழுதாத கையைத் தொடாதீர்கள்.

மூன்றாம் நிலையைத் தாண்டி இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நாளை ஃபிஸ்டுலா தேவைப்படலாம். 1966இல் நியூயார்க்கில் ப்ரெசியா, சிமினோ குழுவினர் எழுதிய முறைதான் இன்றும் சிறந்தது: மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துவிட்டால் சிரை தடித்து, ஊசி குத்தத் தோதாகும். தடிக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். சிலருக்கு முதல் முயற்சி நிற்காது, மறுபடி செய்ய வேண்டும். இதனால்தான் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று தோன்றுவதற்கு ஒரு வருஷம் முன்பே பேச்சைத் தொடங்கச் சொல்கிறோம். கழுத்துக் குழாயோடு தொடங்குபவருக்குக் குழாய் வழியாகவே ரத்தத்தில் கிருமி ஏறும். முதல் மூன்று மாதத்தில் நாங்கள் இழப்பவர்களில் பலரை இழப்பது சிறுநீரகத்தாலல்ல, இந்தக் கிருமியால்.

அந்தச் சிரை இருக்க வேண்டுமே! வலதுகைப் பழக்கம் உள்ளவரின் இடது முழங்கையிலும் மணிக்கட்டிலும் ரத்தம் எடுக்காதீர்கள், வென்ஃப்ளான் போடாதீர்கள். புறங்கையில் எடுக்கலாம். உங்கள் சிஸ்டர்களிடம் சொல்லுங்கள், நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள், நோயாளிக்கும் கற்றுக்கொடுங்கள். "இந்தக் கையில எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்று நோயாளி லேப்பில் சண்டை போட்டால், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

11. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை முன்பே போடுங்கள். நோய் முற்றியபின் போட்டால் உடம்பு சரியாக ஏற்பதில்லை. அப்போது இரட்டை அளவு வேண்டியிருக்கும், அப்படியும் பலருக்குப் பிடிக்காது. மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியான இளையவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தது என்பதற்காக மட்டும் ரத்தம் ஏற்றாதீர்கள். ஏற்றிய ஒவ்வொரு பாட்டிலும் பிற்காலத்தில் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

12. உணவுப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுக்காதீர்கள்.

பழம் கூடாது, கீரை கூடாது, பருப்பு கூடாது, இளநீர் கூடாது என்று பயமுறுத்தி, ரசம் சாதத்திலேயே மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் இயல்பாக உள்ளவருக்கு வாழைப்பழத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஏறியவருக்குத் தடுங்கள், அப்போது இளநீரை முதலில் தடுங்கள். எல்லோருக்கும் பொதுவானது உப்பைக் குறைப்பது மட்டும்: நாளுக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றை வாரக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பி.பி.க்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது ஆபத்து. தண்ணீரைப் பொறுத்தவரை வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாதவர் தாகத்துக்குக் குடிக்கட்டும். குடம் குடமாகக் குடித்தால் சிறுநீரகம் திரும்பாது.

13. வெயிலில் உழைக்கிறவருக்கு ஸ்ட்ரிப் போதாது.

சர்க்கரையும் இல்லை, பி.பி.யும் இல்லை, நாற்பது வயது, கரும்பு வெட்டுகிறார் அல்லது உப்பளத்தில் வேலை. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளிலும் இப்படிப்பட்டவர்களிடம் காரணம் தெளிவாகாத ஒரு சிறுநீரக நோய் காணப்படுகிறது. வெப்பம், நீரிழப்பு, பூச்சிமருந்து, குடிநீர் என்று சந்தேகப் பட்டியல் நீளம். இந்த நோயில் நீரில் புரதம் வெகு குறைவாகவே போகும், சில சமயம் போகவே போகாது. ஸ்ட்ரிப் சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ரத்தம் எடுங்கள்.

14. பணத்தைப் பற்றி நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்றுச் சிகிச்சையும் உண்டு. ஆனால் அவசரத்தில் வந்தவரின் குடும்பம் அட்டை எடுக்க ஓடும்போது மூன்று நாள் தனியார் பில் ஏறியிருக்கும். ஜி.எஃப்.ஆர். 25இல் இருக்கும்போதே அட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊர் தொலைவு என்றால் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிச் சொல்லுங்கள். வீட்டிலேயே நாளுக்கு மூன்று நான்கு முறை பை மாற்றினால் போதும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. சுத்தமான ஒரு மூலையும் பொறுப்பான ஒரு ஆளும் இருந்தால் நன்றாக நடக்கும்.

மாற்றுச் சிறுநீரகம்தான் சிறந்த சிகிச்சை. வேலூரில் 1971இல் அதைச் செய்துகாட்டியதிலிருந்து நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. டயாலிசிஸே தொடங்காமல் நேரடியாக மாற்றிக்கொள்வதும் சாத்தியம், அதற்குத் தானம் தருபவரைச் சோதிக்கப் பல மாதங்கள் வேண்டும். உயிரோடு தருபவர்களில் பெரும்பாலோர் தாயும் மனைவியும்தான். ஆண்கள் கேட்கும்போது வேலை, லாரி, விவசாயம் என்று காரணம் சொல்வார்கள். குடும்பத்தில் பேசும்போது அண்ணனையும் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தருவதற்கு ஆளில்லாதவர் மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில், அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி வழியாகப் பதிய வேண்டும். வரிசை நீளம்; பதிந்த நாளிலிருந்துதான் அது நகரும்.

15. எண்பத்திரண்டு வயது, இதயமும் பலவீனம், படுக்கை என்றால் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு சிகிச்சைதான். அரிப்பு, மூச்சிரைப்பு, வாந்தி, வலி ஆகியவற்றுக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதைப் பெரியவரிடமே கேட்க வேண்டும், அவர் தெளிவாகப் பேசும்போதே கேட்க வேண்டும். எமர்ஜென்சி வார்டில் மகன்கள் மட்டும் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு வேறு மாதிரி இருக்கும்.

16. கடிதம் எழுதுங்கள்.

"சி.கே.டி., நெஃப்ராலஜி ஒப்பீனியன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். பழைய கிரியாட்டினின்கள் தேதியோடு, நீரில் புரதம், பி.பி. எவ்வளவு, என்னென்ன மருந்து, எதை நிறுத்தினீர்கள், ஏன், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்று அரைப் பக்கம் போதும். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியையும் எழுதுங்கள். அடியில் செல் நம்பர். நான் வேலையில் இருந்தபோது இப்படி வந்த கடிதங்களுக்கு நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன்பே போன் போட்டுவிடுவேன். என்னைப் போன்றவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

அனுப்பியவர் போனாரா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் கோபிக்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் துணைக்கு ஆளில்லை, அல்லது அறுவடை. போய்விட்டு வந்து பதில் கடிதம் இல்லை என்றால் அந்த மருத்துவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பெரிய டாக்டர் எரிந்து விழுந்தால் விழட்டும், மருந்தின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு வையுங்கள்.